ஏலவார்குழலியின் மூக்கு

பிள்ளையார்பாளையத்தில் என் வீட்டுக்கும் ஏலவார்குழலியின் சாயப்பட்டறைக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு சுவர். அதுவும் ஒற்றைக்கல் சுவர். அந்தப் பக்கம் யாராவது தும்மினால் இந்தப் பக்கத்திலிருந்து நான் 'நூறு' என்று சொல்லலாம். பட்டுப்புடவைக்குக் குஞ்சம் கட்டுவது என் பிழைப்பு. கைதான் வேலை செய்கிறது, காது சும்மா இருக்கிறது. ஆகவே குழலியைப் பற்றி நான் சொல்வதில் பாதி கண்ணால் பார்த்தது, மீதி சுவர் வழியாக வந்தது.

குழலி என்றால் எங்கள் தெருவுக்கு மூக்குதான் நினைவுக்கு வரும். வேகவைக்காத பச்சைப் பட்டு நூலை வாங்கியவுடன் சாயத்தில் முக்க முடியாது. அதன் மேல் புழு பூசிவைத்த பசை இருக்கும். சோப்பும் சோடாவும் போட்ட கொதிநீரில் வேகவைத்து அந்தப் பசையை எடுக்க வேண்டும். சீக்கிரம் எடுத்துவிட்டால் சாயம் திட்டுத்திட்டாக ஏறும். நேரம் கடந்தால் நூல் நைந்துபோய், தறியில் அறுந்து அறுந்து, நெசவாளி வாயில் நல்ல வார்த்தை வராது. மற்ற சாயக்காரர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள், நூலை நிமிண்டிப் பார்ப்பார்கள். குழலி வாசற்படியில் நின்று மூக்கைத் தூக்குவாள், "எடுங்க" என்பாள். கல்யாணமாகி வந்த புதிதில் மாமனாரின் தொட்டி நூலை அப்படித்தான் காப்பாற்றினாளாம். அன்றைக்குப் பிடித்த பேர் இன்றுவரை விடவில்லை.

பேர் வந்தால் கூடவே கொஞ்சம் திமிரும் வரும். யார் வீட்டில் சாம்பார் அடிப்பிடித்தது, யார் மாப்பிள்ளை குடித்துவிட்டு வந்தான் என்று தெருவில் நின்றபடியே சொல்வாள். சரியாகவும் இருக்கும். அதனால்தான் அவளைப் பலருக்குப் பிடிக்காது. எனக்கும் பாதி நாள் பிடிக்காது.

அந்த மூக்கு கொரோனாவில் போயிற்று. ஊரில் பலருக்கும் போனதுதான். எல்லோருக்கும் வெயிலுக்குப் போன பூனை போல் ஒரு நாள் திரும்பி வந்தது. குழலிக்கு மட்டும் போனது போனதுதான். எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஒரு நாள் காலையில் அவசரத்தில் அடிப்பிடித்த பாலில் காபி போட்டு அவளுக்குக் கொடுத்துவிட்டேன். நான் ஒரு வாய் குடித்துத் துப்பப் போனேன். அவள் முழுவதையும் குடித்துவிட்டு, "காபி நல்லா இருக்குதுமா" என்றாள். நான் அவள் முகத்தையே பார்த்தேன். அவள் டம்ளரை வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யாருக்கும் சொல்லிடாத. எனக்கு மூக்கு இல்லன்னு தெரிஞ்சா ஒரு மொதலாளியும் நூலு குடுக்க மாட்டான். உன் புள்ள மேல சத்தியம் பண்ணு."

சத்தியம் பண்ணினேன். என் வாயில் எதுவும் தங்காது என்பது ஊரறிந்தது. இது தங்கியது என்றால் என் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம்தான் காரணம்.

அதற்குப் பிறகு அவள் செய்த கூத்தை நான் ஒருத்திதான் ரசித்தேன். தொட்டிப் பக்கம் போய் முந்தானையை மறைப்பாக வைத்துக்கொண்டு நூலை விரலால் நிமிண்டிப் பார்ப்பாள். பிறகு வாசற்படிக்கு வந்து, கண்ணை மூடி மூக்கைத் தூக்கி, "எடுங்க" என்பாள். தொட்டியில் வேலை செய்யும் சந்தியாவுக்குக்கூடச் சந்தேகம் வரவில்லை.

போன தை மாதம் குழலி விறகடுப்பை இடித்துவிட்டு கேஸ் பர்னர் வைத்த பாய்லர் வாங்கினாள். விறகுப் புகையில் சந்தியாவுக்கு இருமல் என்பது ஒரு காரணம். எதிர் வரிசைச் சாயக்காரன் வாங்கிவிட்டான் என்பது உண்மையான காரணம்.

இங்கே அவள் கணவர் திருஞானசம்பந்தத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பேருக்கு ஏற்ற பக்திமான். முதுகு வலி என்று தறியை விட்டு வருஷங்கள் ஆகின்றன. காலையில் கச்சபேஸ்வரர், மாலையில் ஏகாம்பரநாதர், நடுவில் டீக்கடை. சாமி கூப்பிட்டால் நிமிர்ந்து நடக்கிற அந்த முதுகு, நூல் மூட்டையைத் தூக்கச் சொன்னால் பிடித்துக்கொள்ளும். பாய்லர் வந்த அன்று பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, மாலை போட்டு, பிள்ளைபோல் வரவேற்றது அவர்தான். அதன் பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் குளித்துவிட்டு வந்து அதற்குப் பூசை செய்வார். பட்டறையில் அவர் செய்த ஒரே வேலை அது.

பங்குனியில் நாற்றம் ஆரம்பித்தது. முதலில் லேசான புகை நெடி. அப்புறம் கண் எரிந்தது, தொண்டை கரகரத்தது. என் வீட்டுச் சோற்றில்கூட அந்த வாடை. கட்டி முடித்த குஞ்சத்தை மோந்து பார்த்தால் லாரி டிரைவர் சட்டை போல் இருந்தது. சந்தியா தினமும் தலைவலி என்றாள். நான் சுவரைத் தட்டி, "குழலி, உன் பாய்லரு நாறுது" என்றேன்.

"எனக்கும்தான் கொமட்டுது. ஆளுக்குச் சொல்லிக்கினு இருக்கறேன்" என்றாள் குழலி. இருவருக்கும் உண்மை தெரியும். சந்தியா பக்கத்தில் இருந்ததால் அப்படியே பேசி முடித்தோம்.

முதலில் வந்தவர் வாலாஜாபாத் வெங்கடேசன். ரைஸ்மில் பாய்லர்களைப் பார்ப்பவராம். சம்பந்தத்துக்கு டீக்கடைப் பழக்கம். அவர் வருகிறார் என்று சம்பந்தம் பாய்லருக்குப் புதிதாக அலங்காரம் செய்து வைத்திருந்தார். வெங்கடேசன் வாசலிலேயே செருப்பைக் கழற்றினார், பாய்லரைக் கும்பிட்டார், அதன் முகத்திலிருந்து விபூதி எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டார்.

"பாத்தியா, பக்தி உள்ள ஆளு. ஏமாத்த மாட்டான்" என்றார் சம்பந்தம்.

வெங்கடேசன் ரப்பர் குழாயை மாற்றினார், ரெகுலேட்டரை மாற்றினார். பிறகு பர்னரைப் பற்றவைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "அம்மா, நீங்களே பாத்து சொல்லுங்க. உங்க மூக்குக்கு மேல சர்டிபிகேட் எதுக்கு?"

குழலி வாசற்படிக்கு வந்தாள். கண்ணை மூடினாள். மூக்கைத் தூக்கினாள். "இப்ப இல்ல" என்றாள்.

எனக்குச் சுவருக்கு இந்தப் பக்கம் கண்ணில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. நாற்றம் அங்குலம்கூட நகரவில்லை. மறுநாள் போன் செய்தால், "நீங்கதான போயிடுச்சுன்னு சொன்னீங்க? இது புதுசா வந்த வாசனையா இருக்கும்" என்றாராம்.

அடுத்தவன் விமல்ராஜ். மஞ்சள் ஹெல்மெட், கழுத்தில் அடையாள அட்டை, போனில் என்னென்னவோ கோடுகள் ஓடின. வார்த்தைக்கு வார்த்தை மேடம். புகைக்குழாய் குட்டையாக இருக்கிறது, அதனால்தான் 'பேக் பிரஷர்' என்றான். குழாயை உயர்த்திக் கட்டினான். புகை இப்போது நேராக என் மொட்டைமாடிக்கு வந்தது. "இப்ப ஓகேவா மேடம்?" என்று கேட்டான்.

"ஓகே" என்றாள் குழலி.

எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று இவர்கள் வந்து போவதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. அவன் பைக் தெரு முனை திரும்பியதும் நான் போய் அவளைத் தனியாகப் பிடித்தேன்.

"ஏன் குழலி, நாறுதா இல்லியான்னு என்னக் கூப்ட்டு ஒரு வார்த்த கேட்டா கொறஞ்சா போயிடுவ? வர்றவன்லாம் உன்ன கேட்டுட்டு உன் வாயாலயே தப்பிச்சுக்கினு போறான்."

"உன்னக் கூப்ட்டு மோந்து பாக்கச் சொன்னா எனக்கு மூக்கு இல்லன்னு நானே தண்டோரா போட்ட மாதிரி ஆவாதா?"

ஏமாற்றாத ஆளைத் தேடி ஊரெல்லாம் அலைகிறாள். அவள் சொல்கிற பொய்யை வைத்தே அவளை ஏமாற்றுகிறார்கள். அதைச் சொன்னால் கோபித்துக்கொள்வாள். சொன்னேன். கோபித்துக்கொண்டாள்.

அந்தக் கோபம் தீர்வதற்குள் குப்புசாமி வந்துவிட்டார். குழலிக்கு நூல் தருகிறவர்களில் பெரிய முதலாளி அவர். முகூர்த்தப் புடவைக்காகக் குழலி சாயம் ஏற்றிக் கொடுத்த மஞ்சள் நூல் கழிகளைக் கட்டுக்கட்டாகக் கையோடு கொண்டுவந்து தொட்டி மேல் போட்டார். கழிகள் மேல் மெல்லிய கருப்பு படிந்திருந்தது.

"ஏம்மா, கல்யாணப் பொண்ணு கட்டற பொடவ இது. பஸ் டிப்போ மாதிரி நாறுது. புதன்கெழம வர்றேன். அன்னிக்கும் இப்படியே இருந்துச்சுன்னா இருக்கற நூல எல்லாம் வண்டில ஏத்திக்கினு போயிடுவேன்."

குப்புசாமி நூலை எடுத்தால் மற்ற முதலாளிகளும் ஏன் எதற்கு என்று கேட்காமல் எடுத்துவிடுவார்கள். இந்தத் தொழிலில் அப்படித்தான். பாய்லருக்கு வாங்கிய கடன் இருக்கிறது, சந்தியாவின் பிழைப்பு இருக்கிறது, சம்பந்தத்தின் டீக்கடைக் கணக்கும் இருக்கிறது. குழலி அன்று அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். வெறும் தொட்டியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் எனக்கு ஜாஃபர் நினைவு வந்தது. ஒலிமுகமதுபேட்டைக்காரர். பேக்கரி அடுப்பு, பிரியாணிக் கடை பர்னர் எல்லாம் பார்ப்பவர். அவர் மனைவி ஷஹர்பானுவின் துப்பட்டாக்களுக்கு நான் குஞ்சம் கட்டித் தருவேன். வரும்போதெல்லாம் அவளுக்கு ஒரே புலம்பல். "ஒரு வாஷர் மாத்தற வேலைன்னா ஒரு வாஷர்னே சொல்லிடறாரு. இப்படி இருந்தா வீட்டுல காசு எங்க சேரும்க்கா?" பெண்டாட்டி வாயால் வருகிற இந்த மாதிரிக் குறையை விட ஒரு மெக்கானிக்குக்கு வேறு என்ன சிபாரிசு வேண்டும்?

சம்பந்தத்துக்குப் பிடிக்கவில்லை. "பிரியாணி அடுப்பு பாக்கறவர வெச்சு பட்டு அடுப்பு பாக்கறதா?"

"நீ கூட்டினு வந்த பக்தி உள்ள ஆளு கிழிச்சத பாத்தாச்சு. சும்மா இரு" என்றாள் குழலி.

புதன்கிழமை காலையில் ஜாஃபரும் குப்புசாமியும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். குப்புசாமியுடன் வண்டியும் வந்திருந்தது. நானும் போய்த் தொட்டியோரம் நின்றுகொண்டேன். என்னை யாரும் கூப்பிடவில்லை, போகச் சொல்லவும் இல்லை.

ஜாஃபர் பர்னரைப் பற்றவைத்துவிட்டு, பக்கவாட்டில் இருந்த சின்னக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். "கற்பூரம் மாதிரி மஞ்சளா எரியுது" என்றார்.

"கற்பூரம் மாதிரின்னா நல்லதுதானே?" என்றார் சம்பந்தம், பெருமையாக.

"சாமிக்கு நல்லதுங்க. கேஸு நீலமா எரியணும்."

அணைத்துவிட்டு முன்பக்கம் வந்து குந்தினார். பர்னரின் முகத்தில் வட்டமாக ஒரு தகடு. அதில் மாலை, நடுவில் குங்குமம், குங்குமத்துக்குப் பின்னால் அன்று காலையில் சம்பந்தம் புதிதாகக் குழைத்துப் போட்ட விபூதிப் பட்டை, தடிமனாக மூன்று. ஜாஃபர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கையை நீட்டினார், மடக்கிக்கொண்டார். எழுந்து, தோளில் இருந்த துண்டில் கையைத் துடைத்தார்.

"ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. இந்தப் பட்டைய நீங்களே கொஞ்சம் எடுத்துடறீங்களா?"

சம்பந்தத்தின் முகம் சிவந்தது. "ஈஸ்வரன் விபூதியாலதான் நாறுதுன்னு சொல்றியா நீ?"

"விபூதி மேல ஒரு தப்பும் இல்லீங்க. வெச்ச எடந்தான். நீங்க நெத்தின்னு நெனச்சுக்கினு இருக்கறது இதோட மூக்கு. அந்த மூணு கோட்டு வழியாதான் காத்து உள்ள போவணும். காத்து இல்லாம மூச்சு முட்டிக்கினு எரியுது. அதான் பொகை, கரி, எல்லாம்."

"கம்பெனிக்காரனே மூணு கோடு போட்டு அனுப்பினான். நான் அதுலதான் பூசினேன்" என்றார் சம்பந்தம். குரல் பாதியாகிவிட்டது.

விஷயம் அதுதான். தகட்டில் படுக்கைவாட்டில் மூன்று நீளத் துளைகள், ஒன்றன்கீழ் ஒன்றாக. சைவக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்த மனிதருக்கு அதைப் பார்த்தால் வேறு என்ன தோன்றும்? சிவனே பட்டை போட்டு அனுப்பிய பாய்லர் என்று நினைத்து, திங்கள் தவறாமல் அச்சுப் பிசகாமல் துளையை அடைத்திருக்கிறார். மெக்கானிக் வருகிற நாளெல்லாம் மரியாதைக்கு இன்னும் ஒரு பூச்சு. வெங்கடேசன் அதில் எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டார். விமல்ராஜ் போனில் படம் எடுத்துக்கொண்டான். ஒருவனும் அது என்ன துளை என்று கேட்கவில்லை.

"நான் எடுத்தா நாளைக்கு நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. நீங்க வெச்சது, நீங்களே எடுங்க" என்று ஸ்க்ரூ டிரைவரை நீட்டினார் ஜாஃபர். சம்பந்தம் வாய்க்குள் ஏதோ பதிகத்தை முணுமுணுத்தபடி சுரண்டினார். கல்லாக இறுகியிருந்த விபூதி பெயர்ந்து பெயர்ந்து விழுந்தது. அதை ஒரு காகிதத்தில் சேர்த்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்குச் சிரிக்க வரவில்லை.

ஜாஃபர் உள்ளே படிந்திருந்த கரியைத் துடைத்து, திரும்பப் பற்றவைத்து, கண்ணாடியில் பார்த்தார். நீலமாக எரிந்தது.

"நெருப்பு சரியா வந்துடுச்சு. ஆனா எனக்கு கேஸுலயே இருந்து இருந்து மூக்கு மரத்துப் போச்சு. போற எடத்துலெல்லாம் கடைசில வீட்டுக்காரங்களதான் கேப்பேன். சொல்லுங்கம்மா, வாசனை இருக்குதா?"

"அதான் குழலி இருக்குதே" என்றார் குப்புசாமி.

எல்லோரும் குழலியைப் பார்த்தார்கள். அவள் வழக்கம்போல் வாசற்படிக்குப் போனாள். கண்ணை மூடினாள். மூக்கைத் தூக்கினாள். 'இப்ப இல்ல' என்று சொல்லிவிடுவாள் என்றுதான் நான் இருந்தேன். எனக்கே நாற்றம் போய்விட்டது தெரிந்தது. சொன்னால் உண்மையாகவும் இருந்திருக்கும்.

ஜாஃபர் விடவில்லை. "நல்லா பாத்து சொல்லுங்க. துளி சந்தேகம் இருந்தாலும் திரும்ப அவுத்துப் பாக்கறேன். பொகை நின்னு, கேஸு எங்கியாவது கசிஞ்சுக்கினு இருந்துச்சுன்னா அந்தப் பொண்ணுதான் நாள்பூரா இங்க நிக்கப் போவுது. உங்க வார்த்தைய நம்பித்தான் நான் மூடிட்டுப் போறேன்."

குழலி கண்ணைத் திறந்தாள். சந்தியாவைப் பார்த்தாள். இதுவரை கேட்டவர்கள் எல்லாம் தப்பித்துப் போவதற்காகக் கேட்டவர்கள். இந்த ஆள் பதில் வேண்டும் என்று கேட்கிறார். அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"தெரியல பாய்."

"லேசா இருக்குதா?"

"எனக்கு எதுவுமே தெரியாது. கொரோனாவுல போன மூக்கு. சாணியும் சாம்பிராணியும் எனக்கு ஒன்னு. இத்தன நாளா சும்மா மூக்கத் தூக்கிக்கினு நின்னேன். விரலால நிமிண்டிப் பாத்துதான் நூல எடுத்தேன்."

சந்தியா தொட்டியில் நூலைத் திருப்பும் கோலைக் கீழே வைத்தாள். முதலில் வாயைத் திறந்தது சம்பந்தம். "அப்ப இத்தன வருஷமா பீடி புடிச்சிட்டு ஏலக்கா மென்னுக்கினு வந்தனே" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. குழலி திரும்பிப் பார்த்த பார்வையில் மனிதர் தூணோடு ஒட்டிக்கொண்டார்.

குழலி குப்புசாமியிடம் திரும்பினாள். "மொதலாளி, மூக்க நம்பித்தான் நூலு குடுத்தீங்க. அது இல்ல. வண்டில ஏத்திக்கங்க."

குப்புசாமிக்கு ஒன்றும் புரியவில்லை. "மூக்கா? உன் மூக்குக்கு யாரும்மா நூலு குடுத்தது? எங்கப்பா காலத்துல என்னமோ சொல்லுவாங்க. சொன்ன தேதிக்குத் தர்ற, நூலு அறுவறது இல்ல. எனக்கு அது போதும். நீ மூக்கத் தூக்கிக்கினு நிக்கறதப் பாத்தா எனக்கு சிரிப்புதான் வரும். பெரிய மனுஷின்னு சொல்லாம இருந்தேன்." பிறகு தானே குனிந்து பாய்லரை மோந்து, நூலை மோந்து, "ஒன்னும் நாறல" என்று வண்டிக்காரரைப் போகச் சொன்னார்.

நூல் தங்கியது. குழலி அப்போதுதான் அழுதாள். நல்லதுதான் சொன்னார் குப்புசாமி, ஆனால் எனக்கு அவரை அந்தத் தொட்டியில் முக்கி எடுக்கலாம் போல் ஆத்திரமாக வந்தது. என் பிள்ளை மேல் சத்தியம் வாங்கி, வருஷக்கணக்காக நெஞ்சில் பாரம் வைத்து அவள் காத்தது ஊரில் யாருமே கேட்காத ஒன்று. அவள் கையை நம்பியவர்கள் அவளைத் தவிர எல்லோரும். இதைத் தெரிந்துகொள்ள மூக்கு போக வேண்டியிருக்கிறது, பாய்லர் நாற வேண்டியிருக்கிறது.

ஜாஃபர் சோப்பு நுரையை எடுத்து ஒவ்வொரு இணைப்பிலும் தடவிக் கசிவு இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் பையை மூடினார். "கேஸு கசிஞ்சா சத்தம் போடற மிஷின் ஒன்னு இருக்குது, வாங்கியாந்து மாட்டறேன். அதுவரைக்கும் பத்தவெக்கறதுக்கு முன்ன மூக்கு இருக்கற ஆளு ஒருத்தர் இங்க வந்து மோந்து பாக்கணும். பீடி புடிக்காத மூக்கா இருந்தா நல்லது" என்றார். சொல்லும்போது யாரையும் பார்க்கவில்லை. மற்ற எல்லோரும் சம்பந்தத்தைப் பார்த்தோம்.

மிஷின் வந்து மாட்டியாகிவிட்டது. இருந்தாலும் சம்பந்தம் இப்போது தினமும் காலையில் கோயிலுக்குப் போகுமுன் பட்டறைக்கு வருகிறார். முதுகு ஒன்றும் சொல்வதில்லையாம். முதல் சில நாள் சுவருக்கு அந்தப் பக்கம், "கேஸு வாடை இருக்குதா?" "இல்ல" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இன்றைக்குக் காலையில் முடியவில்லை.

"வேற இன்னா வாசனை வருது?" என்று கேட்டாள் குழலி.

"வேறன்னா?"

"எதுவா இருந்தாலும் சொல்லு."

சம்பந்தம் கொஞ்ச நேரம் மூச்சை இழுத்து இழுத்து விட்டார். "சோப்பு. ஈர நூலு. தெருவுல யாரோ பூ எடுத்துக்கினு போறாங்க போல, மல்லி. அப்புறம்... பக்கத்து வீட்ல கருவாடு வறுக்கறாங்க."

"இன்னா கருவாடு?"

"அது தெரியலியே."

"சரியா மோந்து பாருய்யா. நெத்திலியா, வாளையா?" அவள் குரலில் அவ்வளவு ஆசையை நான் கேட்டதே இல்லை.

நான் அடுப்பைக் குறைத்துவிட்டுச் சுவரருகே போனேன்.

"நெத்திலி, குழலி. வெங்காயம் போட்டு வறுக்கறேன். பூண்டும் தட்டிப் போட்டிருக்கறேன்" என்றேன்.

"கொஞ்சம் தீய வுட்டு எடு. அப்பதான் வாசனை தூக்கும்" என்றாள்.

அப்படியே செய்தேன்.